ஓக்டேல் பொதுமண்டபம்

ஓர் ஊரின் சிறப்பை அளக்கப் புகுவார் பலர், அதன் மாளிகைகளையும் கோபுரங்களையும் எண்ணுவர். அவ்வூரார் உழைப்பு ஒழிந்த வேளையில் எங்கே கூடினர், கூடி யாது செய்தனர் என வினவுதலே தக்கதென்பது எம் கருத்து. இதற்குச் சான்றாக, வேல்ஸ் நாட்டு ஓக்டேல் என்னும் சிற்றூரின் பொதுமண்டப வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

வேல்ஸின் தென்பகுதிப் பள்ளத்தாக்குகள் நிலக்கரி மிக்கவை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டிரெடீகர் கம்பெனியார் ஆங்கு ஒரு சுரங்கத்தைத் தோண்டி, அதில் உழைப்போர் குடியிருத்தற்கென ஓக்டேலை அமைத்தனர். அவ்வூர்ப் பொதுமண்டபம் 1917-ஆம் ஆண்டில் எழுந்தது. அதனைக் கட்டுதற்குக் கம்பெனியார் பொருள் உதவினர். ஆயினும் அது கொடையன்று, கடனேயாம். அக்கடனை அடைக்கும் பொறுப்பைத் தொழிலாளர் தம் கூலியின்மேல் ஏற்றுக்கொண்டனர். நிலத்தின் அடியில் இருளிலே ஈட்டிய காசு, நிலத்தின்மேல் விளக்கெரியும் வாசகசாலையாயிற்று.

கீழ்த்தளத்தில் நூல்நிலையமும், வாசகசாலையும், குழுவினர் கூடும் அறையும் இருந்தன. மேல்தளத்துப் பெருமண்டபத்தில் இசையும் நடனமும் கூட்டங்களும் நிகழ்ந்தன. நிருவாகம் தொழிலாளர் குழுவின் கையிலேயே இருந்தது. எந்நூலை வாங்குவது, எப்பொருளைச் செலவிடுவது என்று கூடி ஆராயுந்தோறும் அவர்கள் ஆட்சிமுறையையும் பயின்றனர் என்க.

இத்தகைய நிலையங்கள் அப்பள்ளத்தாக்குகளிற் பல. அண்மையிலுள்ள டிரெடீகர் ஊரின் தொழிலாளர் நூல்நிலையத்தில், இளமையிலேயே சுரங்கம் புகுந்த அனூரின் பெவன் என்பவர் கற்றார். அவரே பின்னர்ப் பிரிட்டனின் சுகாதார அமைச்சராகி, 1948-ஆம் ஆண்டில் யாவர்க்கும் கட்டணமின்றி மருத்துவம் அளிக்கும் திட்டத்தை நிறுவினார். சிற்றூர் நூல்நிலையம் ஒன்று நாட்டிற்கு அளித்த பயன் இதுவாகும்.

காலம் மாறிற்று. ஓக்டேல் மண்டபம் 1987-ஆம் ஆண்டில் மூடப்பட்டது; 1989-ஆம் ஆண்டில் சுரங்கமும் மூடப்பட்டது. கட்டடத்தைப் பெயர்த்துக் கார்டிஃப் நகருக்கு அருகிலுள்ள செயின்ட் ஃபேகன்ஸ் காட்சிச்சாலையில் மீண்டும் நிறுவி, 1995-ஆம் ஆண்டில் திறந்துவைத்தனர். மண்டபம் அழிவினின்று தப்பியது மகிழ்ச்சிக்குரியதே. எனினும், நூல் தேடி வந்தவர் நாற்காலியில் இன்று வியந்து பார்ப்பவர் நிற்கின்றனர். கல்லைப் பெயர்த்து நடலாம். மாலைதோறும் கூடிய கூட்டத்தைப் பெயர்த்து நட இயலுமோ?

நண்பர்களே, பிறர் ஈந்த பொருளாலாகிய மண்டபத்தில் அமர்ந்து கற்கும் பேறு நமக்கு எளிதில் வாய்த்துள்ளது. நாம் கூலியினின்று காசு கொடுத்திலேம். ஆகவே, வருகையாலும் வாசிப்பாலும் அக்கடனைத் தீர்ப்பது நம் கடமையன்றோ? பூட்டிய அலமாரியும் வெறுமையான இருக்கையும் உள்ள மண்டபம், ஊர் நடுவே நிற்பினும் காட்சிச்சாலைப் பொருளே ஆகும்.