தரைவிரிப்புத் துண்டுகளின் எண்ணிக்கையைக் கணித்தல்

தரைவிரிப்புத் துண்டு அல்லது கார்ப்பெட் டைல் என்பது தரையில் அடுத்தடுத்துப் பதிக்கப்படும் சதுர வடிவ விரிப்பு ஆகும். இதன் பக்க அளவு பெரும்பாலும் 50 செ.மீ. ஆகும். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில், குளிர்காலத்தில் உறைபனி விழும் உதகமண்டலம் போன்ற இடங்களில் தரையின் குளிர்ச்சி காலில் ஏறாமல் காக்க இது உதவுகிறது.

கணிக்கும் முறை

ஒரு துண்டின் பரப்பளவு 0.25 சதுர மீட்டர். எனவே அறையின் பரப்பளவை 0.25 ஆல் வகுத்தால் போதும் எனத் தோன்றும். 14 அடி நீளமும் 11 அடி அகலமும் கொண்ட அறை ஏறத்தாழ 4.27 மீ × 3.35 மீ, அதாவது 14.3 சதுர மீட்டர். இதன்படி 58 துண்டுகள் தேவை.

ஆனால் ஒரு மூலையிலிருந்து பதித்துச் சென்றால் இவை போதா. நீளவாக்கில் 8 முழுத் துண்டுகளுக்குப் பின் 27 செ.மீ., அகலவாக்கில் 6 துண்டுகளுக்குப் பின் 35 செ.மீ. எஞ்சும். இவற்றுக்காக வெட்டியபின் மிஞ்சும் 23 செ.மீ., 15 செ.மீ. கீற்றுகள் ஒட்டுப்போடாமல் வேறெங்கும் பொருந்தா. ஆகவே ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியே 0.5 ஆல் வகுத்து, பின்னம் வந்தால் அடுத்த முழு எண்ணாக்கி, பின் பெருக்க வேண்டும்: 9 × 7 = 63.

பின்னர் வாங்கும் துண்டுகளின் நிறம் சற்று வேறுபடக்கூடும். எனவே பழுதுபார்க்கவும் சேர்த்துச் சில துண்டுகளை முதலிலேயே கூடுதலாக வாங்குவது நன்று.