இருட்டில் பாடும் சிங்கம்

1959 டிசம்பரில் பி.பி.சி.யைச் சேர்ந்த லான்ஸ் சீவ்கிங் என்ற வானொலித் தயாரிப்பாளருக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் சி. எஸ். லூயிஸ். ‘நார்னியா’ வரிசைக் கதைகளை எழுதிக் குழந்தைகளின் மனத்தில் இடம்பிடித்தவர். அந்த வரிசையில் உள்ள ‘தி மெஜிஷியன்ஸ் நெஃப்யூ’ என்ற கதையை சீவ்கிங் வானொலி நாடகமாக்கியிருந்தார். அதில் லூயிஸுக்கு மன நிறைவுதான். ஆனால் மனிதர்களை நடிக்கவைத்துத் தொலைக்காட்சியில் காட்டுவதற்கு மட்டும் அவர் அடியோடு மறுத்துவிட்டார். கதையின் உயிரான அஸ்லான் என்ற சிங்கமாக ஒரு மனிதன் வேடம் கட்டி வந்து நிற்பதைத் தெய்வ நிந்தனையாகவே அவர் கருதினார். கார்ட்டூனாக எடுத்தால் வேறு விஷயம் என்று ஒரு வாசலை மட்டும் திறந்து வைத்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1963 நவம்பர் 22 அன்று காலமானார்.

அன்று வானொலிக்குப் போன அதே கதைதான் இப்போது பெரிய திரைக்கு வரப்போகிறது. இயக்குநர் கிரேட்டா கெர்விக். ஏழு நாவல்களின் உரிமையையும் நெட்ஃபிளிக்ஸ் 2018 அக்டோபரில் பெற்றது. கெர்விக் குறைந்தது இரண்டு படங்களை எழுதி இயக்குவார் என்பது 2023இல் தெரியவந்தது. 2025 ஜனவரியில் இன்னொரு அறிவிப்பு: படம் இணையத்துக்கு வருமுன் ஐமேக்ஸ் திரையரங்குகளில் ஓடும். வீட்டுத் திரைக்கென்றே படமெடுக்கும் ஒரு நிறுவனம் ஊரிலேயே பெரிய திரையைத் தேடிப் போகிறது என்றால், இந்தக் கதையின் அளவை அது புரிந்துகொண்டிருக்கிறது என்றுதான் கொள்ள வேண்டும்.

ரசிகர்களின் காத்திருப்பு நீண்டது. 2005இல் ஆண்ட்ரூ ஆடம்சன் இயக்கத்தில் ‘தி லயன், தி விட்ச் அண்ட் தி வார்ட்ரோப்’ வந்தது. உலகெங்கும் சுமார் 74 கோடி டாலர் வசூல். அந்தப் படத்தில் இன்றும் பேசப்படும் காட்சி ஒன்று உண்டு. லூசி என்ற சிறுமி அலமாரிக்குள் நுழைந்து, தொங்கும் கம்பளிக் கோட்டுகளை விலக்கிக்கொண்டே போய், பனி மூடிய காட்டுக்குள் வந்து நிற்கிறாள். லூசியாக நடித்த ஜார்ஜி ஹென்லியின் கண்ணைக் கட்டித்தான் அந்த அரங்குக்குள் கூட்டிவந்தார்கள். கேமரா ஓடத் தொடங்கிய பிறகுதான் அவள் அந்தப் பனிக்காட்டை முதன்முதலாகப் பார்த்தாள். திரையில் நாம் காணும் வியப்பு அவளுடைய சொந்த வியப்பு. கோடிக்கணக்கில் செலவழித்த படத்தின் ஆகச் சிறந்த தருணம் ஒரு துண்டுத் துணியால் கிடைத்தது.

அந்தப் படத்தின் சிங்கத்தைக் கணினியில் உயிர்ப்பித்தது ரிதம் அண்ட் ஹியூஸ். பின்னாளில் ‘லைஃப் ஆஃப் பை’ படத்தின் புலியைச் செய்த அதே நிறுவனம். புதுச்சேரியில் படமாக்கப்பட்ட காட்சிகளோடு வந்த அந்தப் படத்தின் புலி, கணினியில் பிறந்தது என்று தெரிந்த பிறகும் நம்மை நடுங்கவைத்ததை மறந்திருக்க மாட்டோம். லூயிஸ் அஞ்சிய ‘வேடம் கட்டிய மனிதன்’ என்ற சிக்கல் கணினிச் சிங்கத்தோடு தீர்ந்துவிட்டது. 1988இல் பி.பி.சி. தொடரில் இயந்திரப் பொம்மையாக வந்த அஸ்லானையும் 2005இன் அஸ்லானையும் அடுத்தடுத்துப் பார்த்தால், பதினேழு ஆண்டுகளில் தொழில்நுட்பம் எவ்வளவு தூரம் வந்துவிட்டது என்று தெரியும்.

பிறகு சறுக்கல். 2008இல் வந்த ‘பிரின்ஸ் காஸ்பியன்’ சுமார் 42 கோடி டாலரோடு நின்றது. டிஸ்னி விலகிக்கொண்டது, ஃபாக்ஸ் கைகொடுத்தது, 2010இல் மூன்றாவது படம் வந்தது. அதன் வசூலும் கிட்டத்தட்ட அதே அளவுதான். நான்காவதாக ‘தி சில்வர் சேர்’ வரும் என்று சொல்லிச் சொல்லியே ஆண்டுகள் ஓடின, வரவில்லை. 2005இல் எட்டு வயதில் திரையரங்குக்குப் போன பிள்ளை இன்று முப்பதை நெருங்கிவிட்டது.

ஏன் சறுக்கியது? காரணம் பல சொல்வார்கள். ஒன்று கண்ணெதிரே தெரிகிறது: நார்னியாவை இன்னொரு ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ ஆக்கப் பார்த்தார்கள். லூயிஸ் போரைச் சில பக்கங்களில் முடித்துவிடுவார். படங்களில் அது உச்சக்காட்சியாக ஊதிப் பெருகியது. நாவலில் இல்லாத கோட்டைத் தாக்குதல் ஒன்று ‘பிரின்ஸ் காஸ்பிய’னில் நுழைந்தது. வாள் வீச்சுக்கு நேரம் கூடக்கூட, பேசும் பீவர் வீட்டில் மீன் வறுத்துத் தின்னும் சுகத்துக்கு நேரம் குறைந்தது. குழந்தைகள் நார்னியா புத்தகங்களைத் திரும்பத் திரும்பப் படிப்பது அந்தச் சுகத்துக்காகத்தான்.

புதிய படத்துக்கு எடுத்துக்கொண்ட கதையில் பெரும் போரே இல்லை. அதுதான் முதல் நல்ல சகுனம்.

1955இல் வெளியான இந்த நாவல், வெளிவந்த வரிசையில் ஆறாவது; கதையின் காலவரிசைப்படி முதலாவது. நார்னியா என்ற உலகம் எப்படிப் பிறந்தது என்று சொல்வது இது. டிகோரி என்ற சிறுவனின் அப்பா இந்தியாவில் இருக்கிறார். அம்மா லண்டனில் உறவினர் வீட்டில் நோயாளியாகப் படுத்திருக்கிறாள். பிழைப்பாளா என்பது ஐயம். அந்த வீட்டின் மாடியறையில் மாமா ஆண்ட்ரூ மந்திர மோதிரங்களை வைத்துச் சோதனை நடத்துகிறார். முதலில் கினிப்பன்றிகள். அடுத்து பக்கத்து வீட்டுச் சிறுமி பாலி. அவளை வேறு உலகத்துக்கு அனுப்பிவிட்டு, ‘நீ போய்க் கூட்டிவா’ என்று டிகோரியையும் தள்ளிவிடுகிறார்.

ஆங்கிலத் தலைப்பு இந்த உறவை மேலோட்டமாகச் சொல்லிவிட்டுப் போகிறது. ஆண்ட்ரூ, டிகோரியின் அம்மாவுக்கு உடன்பிறந்தவர். தமிழில் சொன்னால் தாய்மாமன். மடியில் உட்காரவைத்துக் காது குத்த வேண்டிய கை, மருமகனைச் சோதனைப் பொருளாக எடுக்கிறது. கீழறையில் உடன்பிறந்தவள் உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கும்போதே அதைச் செய்கிறது. தமிழ் வாசகருக்கு இந்தத் துரோகத்தின் எடை இன்னும் கூடுதலாகவே தெரியும்.

இந்த அம்மா கற்பனையில் முளைத்தவள் அல்ல. 1908 ஆகஸ்டில் பெல்ஃபாஸ்டில் லூயிஸின் தாய் ஃப்ளோரா புற்றுநோயால் இறந்தார். அப்போது லூயிஸுக்கு ஒன்பது வயது. அம்மா பிழைக்க வேண்டும் என்று சிறுவன் வேண்டிக்கொண்டான், பலிக்கவில்லை. சில வாரங்களிலேயே கடல் கடந்து இங்கிலாந்தில் விடுதிப் பள்ளியில் சேர்க்கப்பட்டான். நாற்பது ஆண்டுகள் கழித்து அவர் எழுத உட்கார்ந்த கதையில் ஒரு சிறுவன் நோயாளித் தாய்க்கு மருந்து தேடி உலகம் விட்டு உலகம் போகிறான். ஏழு நாவல்களில் லூயிஸை அதிகம் படுத்தியெடுத்தது இதுதான். 1949 வாக்கிலேயே தொடங்கி, நடுவில் நிறுத்தி, மற்ற ஆறையும் எழுதிவிட்டு, 1954இல்தான் முடித்தார்.

நாவலின் உச்சமாகப் பெரும்பாலோர் நினைப்பது நார்னியா பிறக்கும் இடம். அதைவிடச் சின்னதான ஓர் இடம் இருக்கிறது. அம்மாவுக்கு மருந்து தரமுடியுமா என்று டிகோரி அஸ்லானிடம் கேட்கிறான். அதுவரை சிங்கத்தின் பாதங்களையும் நகங்களையும் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தவன், நிராசையில் தலையை நிமிர்த்துகிறான். சிங்கத்தின் முகம் தாழ்ந்து அவன் முகத்தருகே வந்திருக்கிறது. அதன் கண்களில் பெரிய பெரிய கண்ணீர்த் துளிகள். தன் அம்மாவுக்காகத் தன்னைவிட இந்தச் சிங்கம்தான் அதிகம் வருந்துகிறதோ என்று பையன் ஒரு கணம் நினைக்கிறான். அவ்வளவுதான் காட்சி. ஆனால் இந்த இரு முகங்களும் திரையில் சரியாக அமைந்துவிட்டால் படம் பிழைத்துவிடும். அமையாவிட்டால் எத்தனை மந்திரம் காட்டியும் பயனில்லை.

கெர்விக்கை நம்பலாம் என்று தோன்றுவது இங்கேதான். ‘லேடி பேர்ட்’ (2017) முழுக்க ஒரு தாய்க்கும் மகளுக்கும் இடையிலான இழுபறி. ‘லிட்டில் விமன்’ (2019) படத்தில் நூறாண்டுக்கும் மேல் பழைய கதையின் காலவரிசையைக் கலைத்துப்போட்டு, தங்கை நோயில் பிழைத்த காலையையும் இறந்த காலையையும் அடுத்தடுத்து வைத்தார். பார்த்தவர்கள் அதை எளிதில் மறக்க முடியாது. ‘பார்பி’யைப் பார்த்துவிட்டு இவருக்கும் நார்னியாவுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்கள் அந்த இரண்டு படங்களையும் பார்க்க வேண்டும்.

இனி அந்தப் பாட்டு. நார்னியா பிறப்பதற்கு முன் அங்கே ஒன்றும் இல்லை. கும்மிருட்டு. டிகோரி, பாலி, மாமா, சார்ன் என்ற செத்த உலகத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த சூனியக்காரி ஜேடிஸ், லண்டனின் குதிரைவண்டிக்காரர் ஒருவர், அவருடைய குதிரை, எல்லாரும் இருட்டில் நிற்கிறார்கள். எங்கோ ஒரு குரல் பாடத் தொடங்குகிறது. சொற்கள் இல்லை. அந்தக் குரலோடு விண்மீன்களும் சேர்ந்து பாடிக்கொண்டே தோன்றுகின்றன. பொழுது விடிகிறது. அதன் பிறகுதான் பாடுவது ஒரு சிங்கம் என்று தெரிகிறது. பாட்டு மாற மாற, புல் பரவுகிறது, மரங்கள் எழுகின்றன. நிலம் புற்றுகளைப் போல அங்கங்கே மேடிட்டு வெடிக்க, உள்ளிருந்து விலங்குகள் மண்ணை உதறிக்கொண்டு வெளியே வருகின்றன.

மாமா ஆண்ட்ரூவுக்கு மட்டும் அது பாட்டாகக் கேட்பதில்லை. சிங்கமாவது பாடுவதாவது என்று தன்னைத்தானே நம்பவைத்துக்கொண்டதால், கடைசியில் வெறும் உறுமல்தான் அவர் காதில் விழுகிறது. ஒரே ஒலி, கேட்பவரைப் பொறுத்து இரண்டாகிறது. எழுத்தில் இதை ஒரு பத்தியில் சொல்லிவிடலாம். திரையில்? ஒலிப்பதிவாளரும் இசையமைப்பாளரும் தூக்கமில்லாமல் உழைக்க வேண்டிய காட்சி இது. லூயிஸ் வானொலிக்கு இசைந்ததில் வியப்பில்லை. இது முதலில் காதுக்கான கதை. ஒரு நிமிடமாவது திரையை முழு இருட்டாக வைக்கும் துணிவு படத்துக்கு இருக்க வேண்டும். ஐமேக்ஸ் அரங்கின் பிரம்மாண்டத் திரையில் ஒன்றுமே தெரியாமல் குரல் மட்டும் கேட்டால், அந்தச் சிலிர்ப்பு வேறெங்கும் கிடைக்காது.

அந்தக் குரல் யாருடையது என்பதிலும் சச்சரவு எழுந்தது. முந்தைய மூன்று படங்களில் அஸ்லானுக்குக் குரல் கொடுத்தவர் லியம் நீசன். 2025 ஏப்ரலில், மெரில் ஸ்ட்ரீப்போடு பேச்சு நடக்கிறது என்ற செய்தி பரவியதும் ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். பிடரியுள்ள ஆண் சிங்கத்துக்குப் பெண் குரலா என்று ஒரு பக்கம். உலகத்தையே பெற்றெடுக்கும் குரல் ஏன் பெண்ணுடையதாக இருக்கக் கூடாது என்று மறுபக்கம். அஸ்லானில் லூயிஸ் கிறிஸ்துவையே எண்ணி எழுதினார். அதனால் நம்பிக்கையுள்ள வாசகர்களின் வருத்தத்தைத் தள்ளிவிட முடியாது. ஆனால் அந்த இருட்டில் முதலில் கேட்கும் குரல் எந்தத் திசையிலிருந்து வருகிறதென்றே டிகோரிக்குத் தெரியவில்லை. ஒரு கணம் அது காலடி மண்ணிலிருந்து வருவதுபோலக்கூட இருக்கிறது. அந்த மயக்கத்தைத் தரக்கூடிய குரலா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

கண்ணுக்கு விருந்தும் குறைவில்லை. சார்னில் ஒரு மண்டபம்; வரிசையாக அரசர்களும் அரசிகளும் சிலைபோல் அமர்ந்திருக்கிறார்கள். முதலில் உள்ளவர்களின் முகத்தில் கருணை. நடந்துபோகப்போக அது இறுக்கமாகி, கொடுமையாகி, கடைசியில் விரக்தியாகிறது. ஒரு வம்சம் கெட்டுப்போன வரலாற்றை ஒரு வசனமும் இல்லாமல் சொல்லும் நடை அது. கேமரா நகர்ந்தாலே போதும். பனிக்காட்டின் நடுவே லூசி கண்ட தெருவிளக்கு அங்கே எப்படி வந்தது என்பதற்கும் விடை இந்தக் கதையில் உண்டு. லண்டன் விளக்குக் கம்பத்திலிருந்து ஜேடிஸ் பிடுங்கிய இரும்புத் துண்டு, எது விழுந்தாலும் முளைக்கும் அந்தப் புது மண்ணில் விழுந்து, எரியும் விளக்காகவே வளர்கிறது. லூசியின் கதையைப் படித்த பிள்ளை இந்த இடத்துக்கு வரும்போது நிச்சயம் துள்ளும்.

நார்னியா புத்தகங்கள் 10 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றவை. அத்தனை வாசகர்கள் மனத்திலும் ஆளுக்கொரு அஸ்லான் பாடிக்கொண்டிருக்கிறது. படம் வந்ததும் அந்த இடத்தில் ஒரே குரல் உட்கார்ந்துவிடும். அதைத் தவிர்க்க முடியாது. ஆகவே, வீட்டில் எட்டு ஒன்பது வயதுப் பிள்ளை இருந்தால், படத்துக்குக் கூட்டிப்போகுமுன் இந்த ஒரு புத்தகத்தையாவது வாங்கிவாருங்கள். பிள்ளைக்கு ஆங்கிலம் வராவிட்டால் நீங்கள் படித்துத் தமிழில் கதையாகச் சொல்லுங்கள். எட்டாம் அத்தியாயத்தின் முடிவிலிருந்து தொடங்கினால் இருட்டும் பாட்டும் வந்துவிடும். இரவில் விளக்கை அணைத்துவிட்டுச் சொன்னால் இன்னும் நல்லது. சொல்லி முடித்ததும், அந்தச் சிங்கத்தின் குரல் எப்படி இருந்திருக்கும் என்று பிள்ளையிடமே கேளுங்கள்.