மூன்றாவது தட்டு யாருக்கு?



நம் கிழக்கிலே பெண் பிள்ளைக்குக் கல்யாணம் பேசும்போதே வீட்டுப் பேச்சும் வந்துவிடுகிறது. அவ்வழக்கம் சரியா என்பது வேறு விடயம். கீழ்வீடு மூத்தவளுக்கு, மேல்வீடு இரண்டாமவளுக்கு என்றான பின் கடைக்குட்டிக்கு எங்கே போவது? “மேலே இன்னொரு தட்டுப் போடுவோம்” என்கிறார் வாப்பா. “போடலாம் ஹாஜியார்” என்கிறார் மேசன்பாஸ். உம்மாவின் காப்பும் மாலையும் விலைக்குப் போகின்றன.

சற்றுப் பொறுங்கள். நகை கைமாறுமுன் நான்கு காரியங்களை முடித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, அத்திவாரம். இரண்டு தட்டுக்குப் போட்ட தூண்கள் மூன்றாவதைத் தாங்குமா என்பதைப் பொறியியலாளர் பார்த்துச் சொல்லட்டும்.

இரண்டாவது, அனுமதி. 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் கீழ் பிரகடனமான பகுதிகளில், கட்டுவதற்கு முன்பே அபிவிருத்தி அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும். பழைய பிளானுக்குக் கிடைத்த அனுமதி புதிய தட்டுக்குச் செல்லாது. உங்கள் ஊர் நகர சபையிலோ பிரதேச சபையிலோ முதலில் விசாரியுங்கள். பாதையின் அகலம், கட்டிட உயரம், பின்புற வெளி, மலக்குழி, வாகனத் தரிப்பிடம் எல்லாம் பார்ப்பார்கள். இரண்டு குடும்பம் இருந்த இடத்தில் மூன்று குடும்பம் இருக்கப்போகிறதல்லவா? வேலை முடிந்ததும் சீ.ஓ.சீ. எனப்படும் சான்றிதழையும் பெறுங்கள். அனுமதியின்றிக் கட்டியதை இடிக்க நீதவான் நீதிமன்றம் கட்டளையிடலாம். அப்போது உம்மாவின் காப்பு திரும்பி வராது.

மூன்றாவது, அயலவர். அண்டை வீட்டாரின் உரிமையை நபி (ஸல்) அவர்கள் எவ்வளவு வலியுறுத்தினார்கள் என்பதை நீங்கள் அறிவீர்கள். உங்கள் புதிய ஜன்னல் அவர்களுடைய கிணற்றடியைப் பார்க்கிறதா? உங்கள் சுவர் அவர்களுடைய காற்றையும் வெளிச்சத்தையும் மறைக்கிறதா? இடைவெளி விடச் சொல்லும் சட்டம் இந்த உரிமையையும் காக்கிறது. அதை மீறுவதைக் கெட்டித்தனம் என்று எண்ண வேண்டாம்.

நான்காவது, எழுத்து. பலர் தவறுவது இங்கேதான். வாயால் “இது இளையவளுக்கு” என்றால் போதாது. வாப்பா மௌத்தானபின் அந்தத் தட்டும் வாரிசுச் சொத்து என்று பேச்சு எழும். உடன்பிறந்தார் முகம் பாராமல் போவார்கள். ஒரே காணியிலுள்ள மாடிகளைத் தனித்தனி வீடுகளாக உறுதி எழுத 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் வழி செய்கிறது. அதற்கென்று பிளான் பதிவாக வேண்டும். நொத்தாரிசிடம் கேளுங்கள். மொட்டைமாடி, படிக்கட்டு, தண்ணீர்த் தாங்கி ஆகியவை யாருக்கு, கூரை ஒழுகினால் யார் செலவு செய்வது என்பதையும் எழுதுங்கள்.

எழுதும்போது ஆண் பிள்ளைகளையும் மறந்துவிடாதீர்கள். நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களுக்கு மட்டும் தந்தை கொடுத்த அன்பளிப்புக்குச் சாட்சியாக இருக்க நபி (ஸல்) அவர்கள் மறுத்தார்கள். பிள்ளைகள் எல்லோரையும் ஒன்றாக இருத்திப் பேசி, சம்மதம் பெற்று, அதன் பின் கல் வையுங்கள்.

அப்போதுதான் இன்ஷா அல்லாஹ், மூன்று தட்டிலும் பரக்கத் இருக்கும்.