களைக்கொல்லியும் கிணற்று நீரும்

களையெடுப்புக் கூலி உயர்ந்துவிட்டபடியால், மக்காச்சோளமும் கரும்பும் பயிரிடுவோர் பலர் களைக்கொல்லி மருந்துகளை நாடுகின்றனர். அவற்றுள் ஒன்று அட்ரசின். வயலில் தெளித்த மருந்து களையோடு நின்றுவிடுவதில்லை. அதில் ஒரு பகுதி மழைநீருடன் கீழிறங்கி, நாம் பருகும் கிணற்றையும் சேரக்கூடும். இது நிகழும் விதத்தையும், தடுக்கும் வழிகளையும் ஈண்டு விளக்குவோம்.

ஜெர்மனி தேசத்தில் 1991-ஆம் ஆண்டில் அட்ரசின் தடைசெய்யப்பட்டது. இருபது ஆண்டுகள் கழிந்த பின்னரும் அங்கே நிலத்தடி நீரில் அது காணப்பட்டது. காரணம் யாதெனில், மேல்மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் இம்மருந்தைச் சில மாதங்களில் பெரும்பாலும் சிதைத்துவிடுகின்றன. அவை அரிதாயுள்ள ஆழத்தை அடைந்துவிட்டாலோ, மருந்து அழிய நெடுங்காலம் ஆகும். ஆகவே, மருந்தை மேல்மண்ணிலேயே நிறுத்திவைப்பது அவசியம்.

மழை. தெளித்த சில தினங்களுக்குள் பெய்யும் முதற் பெருமழையே மிகுந்த கேடு விளைப்பது. நாட்கள் செல்லச் செல்ல மருந்தில் ஒரு பகுதி சிதையும். மற்றொரு பகுதி மண்ணுடன் இறுகப் பற்றிக்கொள்ளும். புரட்டாசியில் விதைக்கும் மானாவாரி மக்காச்சோளத்திற்கு ஐப்பசிப் பெருமழை பின்தொடர்ந்து வருவதால், எச்சரிக்கை மிகவும் தேவை.

மண். மணற்பாங்கான செம்மண்ணில் மக்கிய பொருள் குறைவு. மருந்து எளிதில் கீழிறங்கும். கரிசல்மண் மருந்தைப் பிடித்துவைக்கும் இயல்புடையதாயினும், வெடிப்பு கண்ட நிலத்தில் மழைநீர் மருந்துடன் வெடிப்புகளின் வழியே நேராக ஆழத்துக்குப் பாய்ந்துவிடும். மேலுழவு அவ்வெடிப்புகளை மூடும். தொழுவுரமும் தழையுரமும் இட்ட மண் மருந்தை நன்கு பற்றிக்கொள்ளும்.

அளவு. ஐரோப்பிய ஐக்கியத்தில் குடிநீருக்கு விதித்துள்ள வரம்பு, லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராம். இக்கணக்கின்படி ஒரே ஒரு கிராம் மருந்து ஒரு கோடி லிட்டர் நீரை அவ்வரம்புக்குக் கொண்டுவரும். 20 அடி விட்டமும் 15 அடி நீரும் உள்ள கிணற்றில் இருப்பது சுமார் 1,30,000 லிட்டரே. அதில் ஒரு கிராம் கலந்தால் வரம்புக்கு எழுபது மடங்குக்கு மேலாகிவிடும். தெளிப்பானைக் கிணற்றோரத்தில் கழுவும் வழக்கம் எத்துணை ஆபத்தானது என்பது இதனால் விளங்கும்.

கைக்கொள்ள வேண்டியவை:

1. பெருமழை வரும் அறிகுறி இருப்பின் தெளிப்பதை ஒத்திவைக்கவும்.

2. மண்ணில் இலேசான ஈரம் போதும். தெளித்தவுடன் வெள்ளமாக நீர் பாய்ச்சலாகாது.

3. பயிர் வரிசையை ஒட்டி, வரிசை இடைவெளியில் மூன்றிலொரு பங்கு அகலத்திற்கு மட்டும் பட்டையாகத் தெளித்து, எஞ்சிய இடத்தில் களைக்கொத்து ஓட்டினால், மருந்துச் செலவும் மூன்றிலொரு பங்காகும்.

4. சிபார்சு செய்த அளவை மீறலாகாது. ஆண்டுதோறும் அதே மருந்தை இடாமல், பயிரை மாற்றிச் சாகுபடி செய்தல் நலம்.

5. மருந்துக் கலத்தை மும்முறை அலசி, அந்நீரையும் தெளிப்பானில் ஊற்றி வயலிலேயே தெளித்துவிடவும்.

கிராம அதிகாரிகள், பொதுக் கிணறுகளின் அருகே மருந்து கலப்பதையும் தெளிப்பான் கழுவுவதையும் தடுப்பதோடு, மழைநீர் உட்புகாதவாறு கிணற்றின் சுற்றுச்சுவரையும் மேடையையும் செப்பனிடச் செய்வாராக. கெட்ட களையை அடுத்த பட்டத்தில் அகற்றலாம். கெட்ட நீரைத் திருத்துவது ஒரு தலைமுறையிலும் கைகூடாமற் போகலாம்.