தோண்டுவதா, விடுவதா?

தைப்பூசத்திற்கு மறுநாள் பத்துமலைப் பக்கம் போயிருக்கிறீர்களா? முந்திய நாள் காவடியும் மேளமுமாக இருந்த இடமெல்லாம் குவளைகளும், டின் மூடிகளும், சாப்பாடு சுற்றிய அலுமினியத் தாள்களுமாகக் கிடக்கும். சில ஆண்டுகளுக்கு முன், அப்படியொரு மறுநாளில்தான் உலோகம் கண்டறியும் கருவியைத் தூக்கிக்கொண்டு அத்தை வீட்டிற்குப் போனேன்.

பத்துமலைக்கு அருகிலுள்ள அந்த வீட்டின் முன்புறத்தில் ஆண்டுதோறும் தண்ணீர்ப் பந்தல் போடுவார்கள். அந்த ஆண்டு நெரிசலில் அத்தையின் ஒரு காதுத் தோடு கழன்று, மழையில் ஊறிய மண்ணில் விழுந்துவிட்டது. தோட்டத்தில் பால்மரம் வெட்டிய கூலியைச் சேர்த்துப் பாட்டி வாங்கிக் கொடுத்த தோடு அது. “வேற தோடு வாங்கலாம்பா, எங்கம்மா வாங்கிக் கொடுத்தத வாங்க முடியுமா?” என்றார் அத்தை.

கருவி இருந்தால் வேலை எளிது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், ஒலி கேட்டபின்தான் வேலையே தொடங்குகிறது. ஒலித்த இடத்தையெல்லாம் தோண்டினால் பொழுது போதாது. தோண்டாமல் விட்டால் தேடியது கிடைக்காது. எதைத் தோண்டுவது, எதை விடுவது?

முதலில் கருவி என்ன செய்கிறது என்று பார்ப்போம். அதன் அடியிலுள்ள கம்பிச் சுருள் மண்ணுக்குள் மாறிக்கொண்டே இருக்கும் காந்தப் புலத்தை அனுப்புகிறது. அங்கே உலோகம் இருந்தால் அதில் சுழல் மின்னோட்டம் உண்டாகிறது. அந்த மின்னோட்டம் எழுப்பும் சிறு காந்தப் புலத்தை இன்னொரு சுருள் வாங்குகிறது. அது எவ்வளவு தாமதமாக வந்து சேர்கிறது என்பதைக் கணித்து, கருவி திரையில் ஓர் எண்ணைக் காட்டுகிறது. என் கருவியில் 0 முதல் 99 வரை எண்கள். இரும்பு 40-க்குக் கீழே நிற்கும். அலுமினியத் தாள் 40-களில். டின் திறக்கும் வளையம் 50, 60-களில். பழைய செம்பு, வெள்ளிக் காசுகள் 70-க்கு மேலே.

இந்த எண் பொருளின் விலையைச் சொல்வதில்லை. உலோகத்தின் மின்கடத்துதிறன், அளவு, வடிவம், கிடக்கும் நிலை ஆகியவை சேர்ந்து கொடுக்கும் விடை அது. தங்கம் நல்ல மின்கடத்திதான். ஆனால், 916 நகையில் வேறு உலோகமும் கலந்திருக்கிறது. தோடோ மிகச் சிறியது. ஆகவே, சிறு தங்க நகையின் எண் பெரும்பாலும் அலுமினியத் தாளோடும் டின் வளையத்தோடும் போய்ச் சேர்ந்துகொள்ளும். 1989 வரிசையைச் சேர்ந்த நம் செம்பு-நிக்கல் சில்லறைக் காசுகளும் ஏறக்குறைய அந்தக் கூட்டத்தில்தான் நிற்கும்.

அன்று நான் செய்த தவறும் இதுதான். பல ஆண்டுப் பந்தல் குப்பை புதைந்த மண். எரிச்சல் தாங்காமல், 60-க்குக் கீழே உள்ள எல்லாவற்றையும் ஒலிக்காதபடி அடக்கி வைத்தேன். ஒரு மணி நேரம் வேலை சுகமாக இருந்தது. சில காசுகளும் ஒரு பித்தளைத் துண்டும் கிடைத்தன. பிறகுதான் உறைத்தது: குப்பையை அடக்கியபோது தோட்டையும் சேர்த்தல்லவா அடக்கிவிட்டேன்!

முறையை மாற்றினேன். பந்தல் இருந்த இடத்தைக் கயிறு கட்டிச் சிறு கட்டங்களாகப் பிரித்தேன். நேற்று விழுந்த பொருள் ஆழத்தில் இருக்காது. எனவே, ஆழமான ஒலிகளை விட்டுவிட்டேன். ஒவ்வோர் ஒலியையும் இரு திசைகளில் சோதித்தேன். வடக்கு-தெற்காக வீசும்போது ஒலித்து, கிழக்கு-மேற்காக வீசும்போது மறைந்தால் அது பெரும்பாலும் துருப்பிடித்த ஆணி. எண் நிலையில்லாமல் தாவினால் பெரும்பாலும் இரும்பு மூடி. இரு திசையிலும் ஒரே எண், ஒரே இடம், மேலாக இருந்தால், குப்பையோ இல்லையோ, தோண்டியே தீர வேண்டும் என்று முடிவு செய்தேன்.

இருபத்தாறு முறை அலுமினியத் தாளும் வளையமும் வந்தன. இருபத்தேழாவது முறை, திரையில் 47. சற்று முன் வந்த தாளுக்கும் அதே 47-தான். இரண்டு விரல் ஆழத்தில், திருகாணி இல்லாமல் தோடு கிடந்தது. அத்தை அதைக் கழுவவும் இல்லை. சேற்றோடு கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஆனால், ‘எல்லாவற்றையும் தோண்டு’ என்பதே விதி என்று எண்ணிவிடாதீர்கள். தேடும் பொருள் எது, இடம் யாருடையது என்பதைப் பொறுத்து விடை மாறும். பழங்காசு தேடுபவர் உயர்ந்த எண்களை மட்டும் தோண்டலாம். நகை தேடுபவர் குப்பையோடு போராடத்தான் வேண்டும்.

தோண்டவே கூடாத ஒலிகளும் உண்டு. நம் கிள்ளானிலும் தீபகற்பத்தின் பிற இடங்களிலும் ‘துலாங் மாவாஸ்’ எனப்படும் பழங்கால இரும்புக் கருவிகள் கிடைத்திருக்கின்றன. ஆணியை ஒதுக்கும் அதே எண்தான் அவற்றையும் ஒதுக்கும்! 1964-இல் பந்திங் வட்டாரத்துக் கம்போங் சுங்கை லாங்கில் இரண்டு வெண்கல முரசுகள் கிடைத்தன. அவை ஒரு படகுப் பலகையின் மேல் வைக்கப்பட்டிருந்தன. அந்தப் பலகையைக் கவனிக்காமல் முரசுகளை மட்டும் பிடுங்கியிருந்தால் பாதி வரலாறு போயிருக்கும். 2005-ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டப்படி, பண்பாட்டு மதிப்புள்ளதாகக் கருதத்தக்க பொருளைக் கண்டவர் உடனே மரபுடைமை ஆணையருக்கோ மாவட்ட அதிகாரிக்கோ தெரிவிக்க வேண்டும். அத்தகைய பொருளைத் தேடி அகழ உரிமமும் வேண்டும். எனவே, பழைமையானது ஏதும் தலைகாட்டினால் கையை எடுத்துவிடுங்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு தகவல் சொல்லுங்கள். கோயில் நிலமோ குகைப் பகுதியோ என்றால், கருவியை எடுத்துப் போகும் முன்பே அனுமதி கேளுங்கள்.

அன்று மாலை எல்லாக் குழிகளையும் மூடி, தோண்டிய குப்பையை ஒரு வாளியில் அள்ளினேன். வாளி நிறைந்துவிட்டது. “ஒரு தோட்டுக்கு இவ்வளவு குப்பையா?” என்று சிரித்தார் அத்தை. ஆமாம், அவ்வளவும் தேவைப்பட்டது. கருவி சொல்வது உலோகத்தைப் பற்றி மட்டுமே. அதன் மதிப்பை நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.