கல்லென நின்ற உயிர்

நுழையும்முன்

பார்வைக்குக் கல்லாகத் தோன்றும் ஒன்று உயிராக இருத்தல் கூடும். அவ்வுண்மையை ஏட்டில் படிப்பதற்கும் கடலுக்குள் இறங்கிக் கண்டறிவதற்கும் உள்ள வேறுபாட்டை இக்கட்டுரை விளக்குகிறது.

மலையும் கடலும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த சிவகிரியில் வளரும் மாணவர்க்கு மலை அண்டைவீடு, கடலோ தொலைவூர். எனினும், இவ்விரண்டையும் ஆறுகள் இணைக்கின்றன. குற்றாலத்தில் அருவியாக வீழும் சிற்றாறு, சீவலப்பேரி அருகே தாமிரபரணியுடன் கலந்து, புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவை அடைகிறது. சிவகிரிப் பகுதியின் ஓடைகள் வைப்பாற்றுப் படுகையைச் சேர்ந்தவை. வைப்பாறும் அதே வளைகுடாவில்தான் கலக்கிறது. அங்கே, இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையே அமைந்த தீவுகளைச் சூழ்ந்து பவளப்பாறைகள் வளர்ந்துள்ளன. தென்மாவட்டங்களில் கடல் உயிரியல் பயிலும் மாணவர்க்கு இயற்கை அமைத்துத் தந்த ஆய்வுக்கூடம் இதுவே.

கல்லா, உயிரா?

பவளம் என்றதும் அணிகலனில் பதிக்கும் செம்மணியே நினைவுக்கு வரும். பாறைகளை உருவாக்கும் பவளம் அதனின் வேறு. பாலிப் என்னும் சிறிய, மெல்லுடல் கொண்ட விலங்குகள் கூட்டமாக வாழ்ந்து, கடல்நீரிலிருந்து கால்சியம் கார்பனேட்டைப் பிரித்துத் தமக்குக் கூடமைத்துக்கொள்கின்றன. தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த கூடுகளே பாறையாகின்றன. பாலிப்புகளின் உடலுக்குள் வாழும் சூசாந்தெல்லா என்னும் நுண்பாசிகள் ஒளிச்சேர்க்கை செய்து, அவற்றிற்குத் தேவையான உணவின் பெரும்பகுதியைத் தருகின்றன. பாலிப்பு இடம் தருகிறது. பாசி உணவும் நிறமும் தருகிறது. நீரின் வெப்பம் இயல்பான கோடைநிலையைவிட ஓரிரு பாகை உயர்ந்து சில வாரங்கள் நீடித்தால், இந்த நட்பு முறிகிறது. பாசிகள் வெளியேற, பவளம் வெளிறிவிடுகிறது. வெளிறிய பவளம் இறந்துவிட்டதாகக் கொள்ளலாகாது. வெப்பம் விரைவில் தணிந்தால் அது மீளவும் கூடும்.

களம் தரும் கல்வி

மன்னார் வளைகுடாவைக் களமாகக் கொண்ட கல்வி நெடிய மரபுடையது. குருசடைத் தீவின் கரையோர உயிரினங்களைப் பற்றிய ஆய்வுத்தொகுப்பைச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1927இல் வெளியிட்டது. பின்னர், மண்டபத்தில் பணியாற்றிய அறிஞர் சி.எஸ்.கோபிநாத பிள்ளை பவள இனங்களை முறையாகப் பகுத்தறிந்தார். 1998இல் தூத்துக்குடியில் தொடங்கப்பட்ட சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம், திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தோடு இணைந்து ஆய்வு மாணவரை உருவாக்கி வருகிறது.

1986இல் இப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஆதலால், களம் செல்ல வனத்துறையின் இசைவு வேண்டும். முகக்கண்ணாடியும் மூச்சுக்குழலும் அணிந்து நீரில் இறங்கும் மாணவர் கற்கும் முதற்பாடம், எதனையும் தொடாதிருத்தல். பவளத்தின்மீது கால் ஊன்றாதிருத்தல். கிளைகளாக விரியும் அக்ரோபோராவும் உருண்டு திரண்ட போரைட்டிசும் படத்தில் எளிதில் வேறுபடும். அலை அசைக்க, நீர் கலங்க, அவற்றை இனங்காண்பதற்குப் பொறுமையும் பயிற்சியும் தேவை.

அடுத்தது அளத்தல். பாறையின்மீது 20 மீட்டர் அளவுநாடாவை விரித்து, அதன்கீழ் அமைவது உயிருள்ள பவளமா, இறந்த பவளமா, பாசியா, மணலா எனப் பார்த்து, நீருக்குள் எழுதும் பலகையில் குறித்துக்கொள்வர். நாடாவின் கீழ் உயிருள்ள பவளம் மொத்தம் 8 மீட்டர் இருந்தால், அக்கோட்டில் அதன் பரப்பு 40 விழுக்காடு ஆகும். இவ்வாறு பல இடங்களில் அளந்து, அதே இடங்களுக்கு ஆண்டுதோறும் மீண்டும் சென்றால்தான் பாறை வளர்கிறதா, தேய்கிறதா என்பது புலப்படும்.

அளவு உணர்த்தும் உண்மை

ஒரு காலத்தில் தூத்துக்குடிப் பகுதியில் சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்திற்காகவும் பவளப்பாறைகள் வெட்டி எடுக்கப்பட்டன. வெட்டியவர்க்கு அது பிழைப்பு; அவர்கள் கண்ணுக்கு அது கல். 2001இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. வெட்டுதல் படிப்படியாகக் குறைந்து, 2005ஆம் ஆண்டளவில் நின்றது. ஆயினும், அதற்குள் இழப்பு நேர்ந்துவிட்டது. அலையின் வேகத்தைத் தடுக்கும் பாறை அழிந்தால் அதன்பின் உள்ள நிலமும் கரையும். 1986இல் ஏறத்தாழ 16 ஹெக்டேராக இருந்த வான்தீவு, 2014இல் ஏறத்தாழ 2 ஹெக்டேராகச் சுருங்கியது. அதனைக் காக்கச் செயற்கைப் பாறைகளைக் கடலில் இறக்க வேண்டியதாயிற்று.

2016ஆம் ஆண்டு வெப்பத்தால் பவளங்கள் வெளிறின. அவ்வாண்டில் உயிருள்ள பவளப் பரப்பு ஏறத்தாழ 39 விழுக்காட்டிலிருந்து 23 விழுக்காடாகக் குறைந்ததை ஆய்வாளர் கண்டறிந்தனர். முன்னரே அளந்து வைத்திருந்ததனால்தான் இழப்பின் அளவைக் கூற முடிந்தது. அளக்கப்படாத பாறை அழிந்தால், அழிந்தது எவ்வளவு என்பதும் அறியப்படாமலே போகும்.

மலையின் பொறுப்பு

வெப்பம் மட்டுமன்று, வண்டலும் பவளத்திற்குப் பகை. நீர் கலங்கினால் ஒளி குறையும். பாசி உணவு ஆக்க இயலாது. மேலே படியும் மண்ணைப் பாலிப்பு ஓரளவு தள்ளும். மிகுந்தால் மூச்சுமுட்டி மடியும். மலைச்சரிவில் மரம் அழிந்து மண் அரிக்கப்பட்டால் அம்மண்ணை ஆறுகளே கடலுக்குச் சுமந்து செல்கின்றன. கடலைக் கண்டிராத ஊரும் கடலின் நலத்திற்குப் பொறுப்புடையது என்பதனை இது காட்டுகிறது.

மலையடிவாரத்து மாணவர் ஒருவர் மன்னார் வளைகுடாவின் நீருக்குள் ஒரு நாடாவை விரிக்கும்போது, கல்லென எண்ணியதை உயிரென அறிகிறார். தம் ஊரின் ஓடை எங்கே சென்று முடிகிறது என்பதையும் அறிகிறார். ஏடு தொடங்கிவைக்கும் கல்வியைக் களமே நிறைவு செய்கிறது.