மூக்குக்கு எட்டாத நஞ்சு

2019 ஜனவரி 21 இரவு. அர்ஜென்டினா கால்பந்து வீரர் எமிலியானோ சாலா பிரான்சின் நான்ட் நகரிலிருந்து கார்டிஃபுக்குப் பறந்துகொண்டிருந்தார். வயது 28. ஒன்றரைக் கோடி பவுண்டு கொடுத்து அவரை வாங்கியிருந்த புதிய அணி அங்கே காத்திருந்தது. ஒற்றை இன்ஜின் பைப்பர் மாலிபு விமானத்தில் அவரும் விமானியும் மட்டுமே. கெர்ன்ஸி தீவுக்கு அருகே அது ஆங்கிலக் கால்வாயில் விழுந்தது.

கடலடியிலிருந்து மீட்கப்பட்ட சாலாவின் உடலைச் சோதித்தபோது, அவரது ரத்தத்தின் ஹீமோகுளோபினில் 58 சதவீதத்தைக் கார்பன் மோனாக்சைடு பற்றியிருந்தது தெரிந்தது. பாதியைத் தாண்டினாலே உயிருக்கு ஆபத்து.

இந்த வாயு எங்கிருந்து வந்தது? பிஸ்டன் இன்ஜின் கொண்ட பெரும்பாலான சிறு விமானங்களில் ஹீட்டர் என்று தனியாக அடுப்பு ஏதும் இல்லை. வெளியிலிருந்து வரும் காற்றைக் கொதிக்கும் புகைக்குழாயைச் சுற்றி ஓடவிட்டு, அந்தச் சூட்டையே உள்ளே அனுப்புகிறார்கள். சிக்கனமான ஏற்பாடுதான். ஆனால் குழாயில் ஒரு விரிசல் விழுந்தால் போதும், வெப்பத்தோடு விஷமும் வந்து சேரும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாக ஹீமோகுளோபினோடு ஒட்டிக்கொள்ளும். தலைவலி, சோர்வு, பிறகு தடுமாற்றம். ஏதோ சரியில்லை என்று உணர வேண்டிய மூளையைத்தான் அது முதலில் மந்தமாக்குகிறது.

பல விமானிகள் கருவிப் பலகையில் ஒரு சின்ன அட்டையை ஒட்டி வைப்பார்கள்; வாயு பட்டால் நடுவிலுள்ள பொட்டு கறுக்கும். விலை மலிவு. ஆனால் இருட்டில், மேகத்துக்குள், அந்தப் பொட்டை யார் பார்ப்பது? கூப்பிட்டு எச்சரிக்கும் மின்னணுக் கருவிதான் உதவும். சாலா சென்ற விமானத்தில் அப்படியொன்று இல்லை என்று பிரிட்டிஷ் விசாரணை அறிக்கை குறிப்பிட்டது.

பெரிய ஜெட் விமானங்களின் கதை வேறு. பெரும்பாலானவற்றில் கேபினுக்கான காற்று இன்ஜினின் கம்ப்ரஸரிலிருந்தே வருகிறது. சீல் கசிந்தால் எண்ணெய் ஆவியும் கூடவே வரும். அழுக்குக் காலுறை நாற்றம் என்பார்கள் பணியாளர்கள். நுண்துகள்களைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டியால் ஆவியை நிறுத்த முடியாது. பெரும்பாலும் அதைக் கண்டுபிடிக்கும் கருவி, இன்றும் அவர்களுடைய மூக்குதான்! இன்ஜினிலிருந்து கேபின் காற்றை எடுக்காத போயிங் 787 ஒரு விதிவிலக்கு.

சிறு விமானங்களில் கார்பன் மோனாக்சைடு கருவியைக் கட்டாயமாக்கச் சொல்லி அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2004-லேயே பரிந்துரைத்தது. விமானத் துறை நிர்வாகம் அதை விதியாக்கவில்லை. 2022-இல் வாரியம் மீண்டும் கேட்டபோது ஒரு கணக்கையும் முன்வைத்தது: 1982 முதல் 2020 வரை இந்த வாயுவால் நேர்ந்த 31 விபத்துகள், 42 மரணங்கள். அந்த விமானங்களில் ஒன்றில் மட்டுமே கருவி இருந்தது. அதுவும் சத்தமோ வெளிச்சமோ காட்டி எச்சரிக்காத வகை.

பிரிட்டனில், விமானி அல்லாத பயணிகளை ஏற்றிச் செல்லும் பெரும்பாலான பிஸ்டன் விமானங்களுக்கு எச்சரிக்கும் கருவி 2025 ஜனவரி 1 முதல் கட்டாயம்.